கொடுவாவுக்கு எந்த நரம்பு?

செப்டம்பர் 7, சனி

இன்று ரொட்டியால் மானம் போனது.

மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். ஜெராக்ஸ் மிஷின் ஒரு பக்கம் கத்துகிறது, வாசலில் மீன் வண்டி ஒரு பக்கம் கத்துகிறது. அந்த நேரம் பார்த்து ஷெர்லினிடமிருந்து போன். “யப்பா, வரும்போது பிரெய்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. முப்பது. பச்சை கலருதான் வேணும், வெள்ளை வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கேட்டது பிரெட். முப்பது என்றால் முப்பது ரூபாய் பாக்கெட். பச்சைதான் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதை எதையோ தின்கிறார்கள், கீரை போட்டுச் செய்வான்களாக்கும் என்று பேக்கரியில் போய், “பச்சை பிரெட் இருக்கா?” என்று கேட்டேன்.

கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பூசணம் பிடிச்சதெல்லாம் நாங்க விக்கிறதில்ல அண்ணாச்சி” என்றார். பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கடைசியில், பழத்துண்டு போட்ட இனிப்பு ரொட்டியில் பச்சையும் ஒன்றிரண்டு இருக்கும் என்று அவரே ஒரு வழி சொல்லி, அதில் இரண்டு பாக்கெட் கொடுத்தார்.

வீட்டில் ஷெர்லின் பாக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பிரெய்டுப்பா! தூண்டில் நரம்பு! பின்னுன நரம்பு! முப்பது பவுண்டு!” அவள் அம்மா கனகமணி மட்டும், “போட்டும், நாளைக்குக் காலையில ஆப்பம் சுடுத வேலை மிச்சம்” என்றாள்.

தூண்டில் விஷயம் இதுதான். ஷெர்லினுக்குத் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே சேக்காளிகளோடு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போய்ப் பழகினாள். இப்போது கம்பெனி அவளை மஸ்கட் ஆபீசுக்கு எடுத்திருக்கிறது. அக்டோபர் பத்தாம் தேதி விமானம். போவதற்குள் ஒரு நல்ல கொடுவா மீன் பிடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சேக்காளிகளில் ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது, ஒருத்தி சென்னை போய்விட்டாள். பொம்பளைப் பிள்ளை தனியாகக் கழிமுகத்துக்குப் போகக் கூடாது என்பது கனகமணியின் சட்டம். ஆகவே செக்யூரிட்டி நான். நீச்சல் தெரியாத செக்யூரிட்டி.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் ஆராதனை முடிந்து நேரே பழையகாயல். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில், சிப்பி ஒட்டிய கல் வரிசை ஓரம் எங்கள் இடம். சும்மா உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று எனக்கும் ஒரு பழைய ராடு கொடுத்தாள். அதில் சாதாரண தங்கூஸ், நைலான் நரம்பு. உயிர் இறாலை அவளே குத்திக் கொடுத்தாள்.

“நரம்பு மேல ஆள்காட்டி விரல வச்சிக்கிடுங்கப்பா. கொடுவா வந்து ஒரு தட்டுத் தட்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். தெரிஞ்ச உடனே ஒரு இழு.”

வைத்தேன். தட்டு ஒன்றும் வரவில்லை. தூக்கிப் பார்த்தால் இறாலைக் காணோம், தலை மட்டும் இருக்கிறது. மூன்று முறை இப்படி. கொடுவாக்களுக்கு நான் காலைப் பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

“உங்க மேல தப்பில்லப்பா” என்றாள் ஷெர்லின். “தங்கூஸ் ரப்பர் மாதிரி இழுபடும். அங்க தட்டினா இங்க வந்து சேராது. உங்களுக்கும் நல்ல நரம்பு வாங்கணும்.”

ஐம்பத்தைந்து வயதில் என் மேல் தப்பில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டை மாற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். கொஞ்ச நாளாக இப்படித்தான், எதைச் செய்தாலும் மலை ஏறி இறங்கியது மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பட்டா நகல் எடுக்க வந்த ஒரு பெரியவருக்கு நடுவில் இரண்டு வெள்ளைத் தாள் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். தாலுகா ஆபீசிலிருந்து திரும்பி வந்து சத்தம் போட்டார். “என் நிலத்துக்கு நடுவுல என்ன பொட்டல் விட்டிருக்கீரு?” தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது, புதுக் கம்பெனித் தாள், சரியில்லை என்றேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன். அது பழைய கம்பெனித் தாள்.

செப்டம்பர் 12, வியாழன்

தூண்டில் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் ஆன்ஸ்லி. ஷெர்லினை நன்றாகத் தெரியும்.

“பிரெட் அண்ணாச்சி நீங்கதானா?” என்றார்.

மகள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். என்னத்தைச் செய்ய.

“கொடுவாவுக்கு எந்த நரம்பு நல்லது தம்பி?”

“ரெண்டு கட்சி இருக்கு அண்ணாச்சி” என்று இரண்டு ரீலை எடுத்து முன்னால் வைத்தார். “இது பிரெய்டு. தையல் நூல் கணக்கா இருக்கும், ஆளையே தூக்கும். கொஞ்சங்கூட இழுபடாது. மீன் மூச்சு விட்டாலும் விரல்ல தெரியும். ஆனா தெளிஞ்ச தண்ணியில மீனுக்குக் கண்ணுல பட்டுரும், சிப்பியில ஒரசினா அறுந்துரும். இது புளூரோகார்பன். தண்ணிக்குள்ள போயிட்டா இருக்கிற இடமே தெரியாது. சிப்பிக்கு அசராது. ஆனா பிரெய்டு மாதிரி தட்டு தெரியாது, விறைப்பு வேற. சில பேரு ரெண்டையும் முடிச்சுப் போட்டு ஓட்டுவாங்க. உங்க பிரச்சினை என்ன, சொல்லுங்க.”

“தட்டு தெரிய மாட்டேங்கு.”

“அப்ப யோசிக்கவே வேண்டாம். பிரெய்டு.”

ரீலில் சுற்றியும் கொடுத்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டு, “ஆமா, சொரசொரன்னு நல்லா இருக்கு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “பட்டு மாதிரில்லா இருக்கும் அண்ணாச்சி, அதுதான் இதுல விசேஷமே” என்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பழையகாயல். காற்று குறைவு. எனக்கு இன்று பெரிய நம்பிக்கை. விரலை நரம்பின் மேல் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப்போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று ஷெர்லின் கத்தினாள். “யப்பா! ஓடுது! உங்க நரம்பு ஓடுது!”

பார்த்தால் ரீலிலிருந்து நரம்பு சரசரவென்று என் விரலுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது. நான் அக்கரையில் ஒரு நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதறி இழுத்தேன். மீன் போய்விட்டது. “என்னப்பா, பிரெய்டுலகூடவா தெரியல?” என்று சிரித்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நின்றுவிட்டாள்.

என் வெள்ளைச் சட்டையில் ரத்தம். விரலில் நரம்பு ஆழமாக அறுத்திருக்கிறது. அந்தக் கையால் மூக்கைச் சொறிந்து, சட்டையைத் துடைத்து, இறால் டப்பாவைத் திறந்து, எல்லாம் பண்ணியிருக்கிறேன்.

“வலிக்கலியாப்பா?”

“பேப்பர் அறுக்காத நாள் உண்டா எனக்கு? பழகின கை.”

துணியைக் கிழித்துக் கட்டினாள். கட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று “ஸ்ஸ்” என்றேன். கொஞ்சம் பிந்திச் சொல்லிவிட்டேன். அவள் முடிச்சே போட்டு முடித்திருந்தாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கடைக்கு மதியம் பூட்டுப் போட்டுவிட்டு சர்க்கரை டாக்டரிடம் போனேன். புதிதாக வந்த அம்மா, நல்ல பொறுமை. விரலைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

“கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்க. முதல்ல கால், அப்புறம் கை.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த அம்மா எதையோ தேடுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் காத்திருந்தேன். கடைசியில் கேட்டேன், “எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?”

“முடிச்சிட்டேன் சார்.”

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் ஒரு சின்னப் பிடி, அதன் நுனியில் ஒரு நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கூஸ்!

“டாக்டர், இது நைலான்லா? இழுபடும். தட்டு வந்து சேராது. பிரெய்டு போட்டுப் பாருங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சிரிக்கவும் இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். கால் எப்போதோ போய்விட்டதாம், கை இப்போதுதானாம். போனது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம். மாத்திரையை மாற்றித் தருகிறேன், சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும், திருநெல்வேலியில் ஒரு நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டும், வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். தையல் போட வேண்டிய காயத்தோடு இரண்டு நாள் திரிந்திருக்கிறீர்கள் என்று கோபப்பட்டார்.

“அக்டோபர் பத்துக்குப் பொறவு கூட்டிட்டு வாரேன் டாக்டர்.”

“ஏன், பத்தாம் தேதி என்ன?”

சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கனகமணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அப்போது ஷெர்லினுக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைத்திருந்தது. எங்களிடம் மூச்சு விடாமல் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாள். அம்மா எழுந்து நடமாடிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். ‘சென்னை வெயிலு எனக்கு ஒத்துக்கிடாதுப்பா’ என்றாள், தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு. இப்போது இது அவள் காதில் விழுந்தால் மஸ்கட் வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடும்.

செப்டம்பர் 19, வியாழன்

கனகமணியிடம் பிடிபட்டுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கியது. சட்டியை அப்படியே வெறுங்கையால் தூக்கி மேடையில் வைத்துவிட்டு, பெருமையோடு திரும்பினால் அவள் வாசல்படியில் நிற்கிறாள்.

“துணி பிடிக்காமலா தூக்குனீங்க?”

“சூடு அவ்வளவா இல்ல.”

அவள் வந்து சட்டியைத் தொட்டாள், கையை உதறினாள். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது. ஷெர்லின் ஆபீசில் இருந்ததால் தப்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, முறத்தில் கிடந்த அரிசியைக் கொஞ்ச நேரம் பொறுக்கினாள். கல் ஒன்றும் இல்லாத அரிசி.

“அவ போகட்டும்” என்றாள். “அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. போன பொறவு இருக்கு உங்களுக்கு. காப்பிக்கு மூணு கரண்டி சீனி கேட்டீங்களே, அன்னைக்கே சொன்னம்லா?”

சாயந்தரம் சீனி டப்பாவைக் காணோம். ஷெர்லின் கேட்டதற்கு, எறும்பு மொய்க்கிறது என்றாள் கனகமணி. எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் என்று இவளை நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 21, சனி

ஆன்ஸ்லி கடை. “பிரெய்டக் கழட்டிட்டுப் புளூரோ சுத்துங்க தம்பி.”

“அண்ணாச்சி, தட்டுத் தெரியணும்னுதான பிரெய்டு வாங்குனீங்க? இதுல அந்த அளவுக்குத் தெரியாதே.”

“தெரியாட்டாப் பரவாயில்ல.”

இதுவரை இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை போலும். என் கணக்கு எனக்கு. பிரெய்டில் தட்டுத் தெரியவில்லை என்றால் ஆள் பழுது. புளூரோவில் தெரியவில்லை என்றால் நரம்பு அப்படி. புளூரோவின் நல்ல குணங்களை எல்லாம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். பத்தாம் வகுப்புக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. படித்திருந்தால் இன்னும் நாலு மார்க் வந்திருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று மீனை விடப் பேச்சுதான் அதிகம்.

“புளூரோவா? உங்களுக்கா? யாருப்பா சொன்னா?”

“நானே யோசிச்சேன். தண்ணி தெளிஞ்சு கிடக்கு பாரு. உன் பச்சை நரம்பப் பாத்தா கொடுவா சிரிக்கும்.”

“அதுக்குத்தான நுனியில மட்டும் ரெண்டு முழம் புளூரோ முடிஞ்சிருக்கேன். முழுசாவா சுத்துவாங்க? ரீல்லேருந்து சுருள் சுருளா வருது, கம்பி கணக்கா.”

“முடிச்சுன்னு ஒண்ணு போட்டா அங்கதான் அறும். என்னுதுல முடிச்சே கிடையாது. அதோட தானா முங்கும். சிப்பிக்கு அசராது.”

“தட்டு தெரியாதேப்பா!”

“தட்டு தெரிஞ்சவங்க என்னத்தப் பிடிச்சிட்டாங்க?”

சொல்லி வாயை மூடவில்லை, அவள் ராடு வளைந்தது. நல்ல கொடுவா. ஒரு முறை மேலே குதித்துத் தலையை உதறியது, வெள்ளி வெளிச்சம். அவள் அதைக் கல் பக்கம் போகவிடாமல் இழுக்க இழுக்க அது அங்கேதான் போனது. பட்டென்று ராடு நிமிர்ந்தது. முடிச்சுக்கு மேலே, பிரெய்டு சிப்பியில் உரசி அறுந்திருந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. “புளூரோவா இருந்தா நின்னுருக்கும்” என்று சொல்லி வைத்தேன். அவள் அறுந்த நுனியை விரலால் தடவிக்கொண்டே, “நிசமாவே அதுக்காகத்தான் மாத்துனீங்களாப்பா?” என்றாள்.

“வேற எதுக்கு?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

செப்டம்பர் 26, வியாழன்

ஒரு செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியாது. நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். பாவம், எங்கள் தெருவில் நாயும் கிடையாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலையில் என் ராடைப் பார்த்தால் நுனியில் சிவப்பாக ஏதோ பூசியிருக்கிறது. நெயில் பாலிஷ்.

“என்னம்மா இது, ராடுக்குக் கல்யாணமா?”

“அழகுக்குத்தாம்ப்பா. நீங்க விரலப் பாக்காண்டாம், இந்தச் சிவப்பையே பாத்துட்டு இருங்க. புளூரோவுக்கு அப்படித்தான் பாக்கணும்.”

அப்படி ஒரு முறை இருப்பதை ஆன்ஸ்லி எனக்குச் சொல்லவில்லை. இருக்கும், அவருக்குத் தெரியாமல் இருக்கும்.

நாரையைப் பார்க்கவில்லை. சிவப்பையே பார்த்தேன். கண் எரிந்தது. சிவப்பு இரண்டு முறை தலையாட்டியது, சட்டென்று குனிந்தது. இழுத்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. “சுத்துங்க, சுத்துங்க, விடுங்க, கொஞ்சம் விடுங்க, இப்பச் சுத்துங்க” என்று ஷெர்லின் என் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். மீன் கல் பக்கம் போய் உரசியது. நரம்பு நின்றது. அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையால் அள்ளினாள். என் முழங்கை நீளக் கொடுவா. செவுள் கத்தி மாதிரி. என்னைத் தொடவிடவில்லை, கையை அறுக்கும் என்று அவளே தூண்டில் முள்ளைக் கழற்றினாள்.

“தட்டு தெரிஞ்சுதாப்பா?”

“நல்லாத் தெரிஞ்சுது. டொக்குன்னு.”

அவள் மீனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். தண்ணீர் முகத்தில் தெறித்திருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் மீன் குழம்பு. கனகமணி எனக்கு நடுத்துண்டு வைத்தாள். இனிப்பு இல்லாத வாழ்க்கையில் அது ஒரு ஆறுதல்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை. போகவில்லை. பெட்டி கட்டுகிறாள். துணியை விடக் கருவாட்டுப் பொட்டலம்தான் அதிகம்.

அக்டோபர் 8, செவ்வாய்

பயந்தது நடந்தது. சாயந்தரம் கடைக்கே வந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “யப்பா, ஆபீஸ்ல கேட்டேன். வேணும்னா ஒரு மாசம் தள்ளிப் போகலாம்னு சொல்லுதாங்க” என்றாள்.

“யாருக்கு வேணும்?”

“சும்மாதான். உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு…”

“நாங்க என்ன கைப்பிள்ளையா? மாசம் ஒண்ணு தள்ளுவாங்க, பொறவு அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காந்துருவாங்க. கப்பல் உனக்காக நிக்குமா?”

“அப்ப என் தலையில கை வச்சுச் சொல்லுங்க, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு.”

நாம் வேதக்காரர்கள், பைபிள்படி சத்தியம் பண்ணக் கூடாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. என் கையை எடுத்து அவளே தலையில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் வைத்த தலையா, குளித்த ஈரமா என்று தெரியவில்லை.

“சுகர் இருக்கு. அது ஊருக்கே இருக்கு. மாத்திரை போடுதேன். உங்கம்மா சீனி டப்பாவ ஒளிச்சு வச்சிருக்கா. அவ இருக்க வரைக்கும் எனக்கு ஒண்ணும் வராது, வந்தாலும் பயந்து ஓடிரும். நீ போயிட்டு வா.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அவள் மிஷின் பக்கத்தில் கிடந்த தாள்கட்டை எடுத்து, நாளைக்கு வேண்டிய தாளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, விசிறி, அடுக்கி வைத்துவிட்டு, “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

அனுப்பிவிட்டு வந்தாயிற்று. வீடு கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி கிடக்கிறது. கனகமணி படுத்துவிட்டாள். எனக்கும் முதுகு கழன்று விழுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

விமான நிலையத்துக்குக் காரில் போனோம். முன்னால் கனகமணி, டிரைவரிடம் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் நானும் ஷெர்லினும். ராடு இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டுமாம், சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம், மீன் பிடித்தால் போட்டோ அனுப்ப வேண்டுமாம். சரி சரி என்றேன். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயம். வெயில், உடைமரம், வெயில்.

விமான நிலையத்து வளைவில் கார் திரும்பும்போது ஷெர்லின் சொன்னாள், “யப்பா, எம்புட்டு நேரமா உங்க கையப் பிடிச்சிட்டு வாரேன். ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல. அவ்வளவு கோவமா எம்மேல?”

குனிந்து பார்த்தேன். என் வலது கை அவள் மடியில், அவளுடைய இரண்டு கைக்குள் இருந்தது. விரலோடு விரல் கோத்து, நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. வெளிய பராக்குப் பாத்துட்டு வந்தேன்” என்றேன்.

பெட்டியை இறக்கினோம். கனகமணி ஜெபம் பண்ணினாள். பிள்ளை உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அங்கே நின்றபோது வாய் வரை வந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்காது என்று தெரிந்தும் சொல்லவில்லை:

நீ பிடிச்சிருந்தது எனக்குத் தெரியலம்மா.